ஆயி மண்டபத்திலிருந்து அரிக்கமேடு வரை... புதுச்சேரியில் தண்ணீர் போகும் வழி!

புதுச்சேரிக்கு வருபவர்கள் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. முத்தரையர்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் வந்த கதைக்கு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பிய நினைவுச்சின்னம் அது. அரசு முத்திரையில் இருப்பதும் அதே மண்டபம்தான்.

நல்ல தண்ணீர் ஊருக்குள் வந்ததற்கு மண்டபம் இருக்கிறது. குளித்து, துவைத்து, கழுவிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது?

பூங்காவிலிருந்து மேற்கே சில நிமிடங்கள் நடந்தால் பெரிய வாய்க்கால் வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த 'வெள்ளை நகர'த்தையும் தமிழர் பகுதியையும் பிரித்த கோடு இது. ஒரு கரையில் காகிதப்பூ படர்ந்த மஞ்சள் சுவர்கள், மறு கரையில் கடைத்தெரு. புகைப்படம் எடுக்க வருபவர்கள் இதன் பாலத்தை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். மழைநீருக்கான வாய்க்காலில் சாக்கடையும் கலந்தால் வேறென்ன செய்வது?

இப்படி வாய்க்காலில் கலக்காமல், கழிவுநீரைக் குழாயில் கொண்டுபோகத்தான் பாதாள சாக்கடை. அது சேரும் இடங்கள் லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை. இந்த மூன்று சுத்திகரிப்பு நிலையங்களும் தலா நாளொன்றுக்கு 1 கோடியே 70 லட்சம் லிட்டர் கையாளும் அளவில் கட்டப்பட்டவை. தொட்டியில் கழிவுநீரை நிரப்பிக் காற்றை ஊதுவார்கள். அந்தக் காற்றில் பெருகும் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும். பிறகு காற்றை நிறுத்தினால் சேறு அடியில் படியும், மேலே தெளிந்த நீரை வடித்துவிடலாம். கிட்டத்தட்ட அரிசி கழுவி நீரை இறுப்பது போலத்தான்.

ஆனால், குழாய் பதித்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறைக்குள் வந்த விஷவாயு, ஒரு மூதாட்டி, அவருடைய மகள், 15 வயது மாணவி என மூன்று உயிர்களைப் பறித்தது. காற்றில்லாமல் சாக்கடை அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆபத்தே அதுதான். கழிவறைப் பீங்கானுக்குக் கீழே எப்போதும் நீர் தங்கும் வளைவுக் குழாய்தான் வாயுவை மறிக்கும் கதவு. அந்த வளைவே இல்லாவிட்டாலோ, நாள்கணக்கில் பூட்டிய வீட்டில் நீர் வற்றிவிட்டாலோ கதவு திறந்துகிடப்பதாகவே அர்த்தம். வெளியூர் போய்த் திரும்புபவர்கள் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு, கழிவறையிலும் குளியலறைத் துவாரத்திலும் ஒரு வாளி நீர் ஊற்றுவது நல்லது.

ஆற்றின் நிலைமை என்ன? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுக்க 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அதில் காரைக்காலின் அரசலாறும், புதுச்சேரியின் சுண்ணாம்பாறும் இடம்பிடித்தன. ஆம், சுற்றுலாப் பயணிகள் படகேறும் அதே சுண்ணாம்பாறுதான்!

செஞ்சிப் பக்கமிருந்து வீடூர் அணை, வில்லியனூர் வழியாக வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு எனப் பிரிகிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மது ஜாடித் துண்டுகள் கிடைத்த இடம். ரோம் நாட்டுச் சரக்கு வந்திறங்கிய அந்த ஆற்றில் இன்று மீனவர்கள் வலை வீசுகிறார்கள். ஊரின் கழிவுநீர் எவ்வளவு சுத்தமாகி வெளியேறுகிறது என்பது அவர்களின் வலைக்குத்தான் முதலில் தெரியும்.