வேர் போன தூரம்

காலை எட்டரை மணி. இரவெல்லாம் கொட்டிய மழை ஓய்ந்து, பினாங்குத் தாவரவியல் பூங்காவின் புல்வெளி சொதசொதவென்று கிடக்கிறது. தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு மாணவிகள். காலணியில் சேறு, கையில் வரைதாள் செருகிய பலகை. ஒருத்தி அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்ள, மற்றவள் மரத்தைச் சுற்றி வருகிறாள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு தாளில் ஏறுகிறது.

அடுத்தது நிழல். கிளை நுனி எதுவரை போகிறதோ, அதற்கு நேர் கீழே ஒரு குச்சி. எட்டுத் திசையிலும் குச்சி நட்டு முடிந்ததும் உயரமானவள் அவற்றைத் தாளில் இணைக்கிறாள். ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் ஒடுங்கிய கோணல் வடிவம். வெளிச்சம் கூடுதலாக விழும் பக்கம் மரம் கை நீட்டியிருக்கிறது. அதை நிமிர்ந்து பார்க்கிறாள். மறுபடி தாளைப் பார்க்கிறாள்.

"பிராக்டிக்கலுக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல்ல செடி லிஸ்ட்தான் போடச் சொல்வாங்களாம்" என்கிறாள் தோழி. "அதுவும் கட்டடம் முடிஞ்சு மிச்சம் கெடக்குற எடத்துக்கு."

நிலத்தோற்றக் கலையை நான்காண்டு படித்து, செர்டாங், ஸ்கூடாய் பல்கலைக்கழகங்களிலிருந்து பட்டத்தோடு வெளியே வருகிற பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கவலை உண்டு. உயரமானவள் பதில் சொல்லவில்லை. பென்சிலால் மரத்தடியை ஒட்டி ஒரு நடைபாதை இழுக்கிறாள்.

பூங்கா இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய இடம். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று இதைப் பூங்காவாக்கினார். கல் பெயர்த்த பள்ளங்கள், மலைச்சரிவு, மேலிருந்து இறங்கும் அருவி நீர் மூன்றையும் கணக்கில் வைத்துத்தான் இங்கே எதையும் நட முடிந்திருக்கும்.

விளக்குமாற்றோடு வந்த பெரியவர் நின்று தாளை எட்டிப் பார்க்கிறார்.

"பாதை இப்படியா போவுது?"

"ஆமா அங்கிள். படிப்புக்கு வரையிறோம்."

"வேணாம்மா. மழை பேஞ்சா இங்கதான் தண்ணி நிக்கும். வேரு மேல கல்லப் பதிச்சா, கொஞ்ச வருசத்துல வேரு கல்லத் தூக்கிரும்." காலால் தொட்டுக் காட்டுகிறார். குச்சி நட்ட எல்லைக்கும் வெளியே, புல்லுக்கடியில் வேர் புடைத்து ஓடுகிறது.

மரத்தின் வேர் கிளை விரிவையும் தாண்டிப் போகும், பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவும், மண் இறுகினால் காற்றில்லாமல் நலியும் என்பதெல்லாம் அவள் பாடத்தில் படித்திருப்பாள். பெரியவர் நாள்தோறும் பெருக்கிப் பெருக்கித் தெரிந்துகொண்டிருக்கிறார். அவள் அழிப்பானை எடுத்துப் பாதையை அழிக்கிறாள். புதுத் தாள் ஒன்றைச் செருகுகிறாள்.

"அங்கிள், வேற எங்கெல்லாம் தண்ணி நிக்கும்?"

அவர் முன்னே நடக்க, இருவரும் பின்னே போகிறார்கள்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த மழையில் இந்தத் தீவின் தெருக்கள் மூழ்கின. தண்ணீர் எங்கே நிற்கும் என்று கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். முதல் வேலையாகச் செடிப் பட்டியல்தான் கிடைக்குமென்றால் கிடைக்கட்டும். அந்தக் கேள்வியை அவள் விடாமல் கேட்க வேண்டும். அடித்தளம் தோண்டும் முன்பே அவளைக் கூப்பிட்டுக் கேட்க இந்த ஊரும் பழக வேண்டும்.