பன்னிரண்டு ரூபாய்க் குருவி

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு பீங்கான் குருவி இருக்கிறது. மஞ்சள் வயிறு, பாசி நிற முதுகு, கருகரு என்று தலை. நீண்ட வாலின் நுனி உடைந்துபோய், என் மனைவி ஃபெவிகால் போட்டு ஒட்டிவைத்திருக்கிறாள். பேரப்பிள்ளைகள் எடுத்து விளையாடினால் மட்டும் எனக்குக் கோபம் வரும். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1987-ஆம் வருஷம். எங்கள் ஊர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில்வே ஜங்ஷனும் பழமலைநாதர் கோயிலும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்குப் பீங்கான்தான் சோறு. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைத்த வெள்ளைக் களிமண் இந்தப் பக்கத்துக்கு ஒரு தொழிலையே கொடுத்தது. ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மை என்று எல்லாம் செய்தோம். நான் ஒரு சிறிய பொம்மைக் கம்பெனியில் சூப்பர்வைசர். பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை.

வேலை இப்படி நடக்கும். களிமண்ணைக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவோம். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சற்று நேரம் கழித்து மிச்சக் கூழை வடித்துவிட்டால், உள்ளே கூடான பொம்மை அச்சோடு ஒட்டி நிற்கும். எடுத்துக் காயவைத்து, சூளையில் சுட்டு, பிறகு வண்ணம் பூசுவோம். வண்ணம் பூசுவது முழுக்கப் பெண்கள் வேலை. எங்கள் குருவிக்கு டஜனுக்கு 3 ரூபாய் கூலி.

அந்த வருஷம் பங்குனியில், நவராத்திரிக்காக மெட்ராஸ் வியாபாரி ஒருவர் மஞ்சள் குருவி பொம்மை கேட்டு ஆர்டர் கொடுத்தார். மாதிரிக்கு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார். அதன் தலை சாம்பல் நிறம். எங்களிடம் வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஓர் அம்மா அன்றைக்கு நாலு டஜன் முடித்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கை அத்தனை சுத்தம். கிருஷ்ணர் பொம்மைக்குக் கண் எழுத அவரைத்தான் கூப்பிடுவோம்.

பார்த்தவுடன் எனக்குத் தலை சுற்றியது. சில குருவிகளுக்குச் சாம்பல் தலை. சிலவற்றுக்கு நீலம் கலந்த வெளிர்ச் சாம்பல், கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. நாலைந்துக்குக் கறுப்புத் தலை!

"என்னம்மா இது, வாய்க்கு வந்தபடி பாடினாப்புல கைக்கு வந்தபடி அடிச்சிருக்கே?" என்று சத்தம் போட்டேன்.

"இல்ல சார். வாலாட்டிக் குருவிதானே இது? நம்ம ஆத்துல நிக்குது, போய்ப் பாருங்க. மூணு தினுசு தலையோட ஒண்ணாத்தான் மேயுது" என்றார்.

"நாலு குருவியப் பாத்துட்டு ஒரே குருவின்னு கதை அளக்காதே. ஒரு குருவிக்கு ஒரு தலைதான். எல்லாத்தையும் அழிச்சிட்டு மாத்தி அடி."

"நான் பொய் சொல்லல சார். அழிக்க மாட்டேன்."

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். எனக்கும் வயது முப்பத்து நாலு, சூப்பர்வைசர் என்ற திமிர் வேறு. அந்த நாலு டஜனுக்குக் கூலி கிடையாது என்று நோட்டில் எழுதினேன். 12 ரூபாய். அன்றைக்கு அது அவருக்கு ஒரு நாள் கூலி. மறுநாள் முதல் அவர் வரவில்லை. குருவிகளுக்கு வேறு ஆளை வைத்துச் சாம்பல் தலை அடித்து அனுப்பிவிட்டோம். வால் உடைந்த ஒன்று மட்டும் ஓரமாகக் கிடந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மணிமுத்தாறு எங்கள் கம்பெனியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு நாள் கூடப் போய்ப் பார்க்கவில்லை. அதே வருஷம் ஜூன் மாதம் பறவை அறிஞர் சலீம் அலி காலமான செய்தியைப் பேப்பரில் படித்தேன். அப்போதும் அந்தக் குருவி ஞாபகம் வரவில்லை.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது சர்க்கரைக்காகக் காலையில் ஆற்றோரம் நடக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கல் சமயம், கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு ஒரு தம்பி நின்றிருந்தார். அரசுப் பள்ளி ஆசிரியர். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக வந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். மாடு மேயும் ஈரப் புல்லில் பத்துப் பதினைந்து சிறு குருவிகள் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடிக்கொண்டிருந்தன. மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கத்தான் அந்த ஓட்டம்.

"மஞ்சள் வாலாட்டி சார்" என்றார்.

தலையைப் பார்த்தேன். எல்லாம் மங்கலாக, ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி, நான் சொன்னது சரிதான் என்று. இருந்தாலும் கேட்டுவைத்தேன், "இதுக்கு ஒரே மாதிரிதானே தலை?"

அவர் சிரித்தார். "மாசி கடைசி, பங்குனியில வந்து பாருங்க சார்."

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊரில் வருஷம் முழுக்கத் தங்கி, கிணற்றடியிலும் கூரையிலும் பாடும் கறுப்பு வெள்ளைக் குருவி வெண்புருவ வாலாட்டி. அது உள்ளூர்க்காரர். மஞ்சள் வாலாட்டி விருந்தாளி. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வந்து சித்திரைக்குள் போய்விடும். எடை 20 கிராம் கூட இருக்காது. ஆனால் இமயத்துக்கு அப்பால் கஜகஸ்தான், சைபீரியா என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இருக்கிறது அதன் பிறந்த வீடு.

ஐரோப்பா முதல் ஆசியாவின் கிழக்கு வரை அது குஞ்சு பொரிக்கும் இடம் பரந்து கிடக்கிறது. பகுதிக்குப் பகுதி ஆண் குருவியின் தலை மாறும். வட ஐரோப்பா, சைபீரியப் பக்கத்து ஆணுக்குக் கருஞ்சாம்பல் தலை. கஜகஸ்தான் பக்கத்து ஆணுக்கு வெளிர்நீலச் சாம்பல் தலை, வெள்ளைப் புருவம். துருக்கி, ஈரான் பக்கத்து ஆணுக்குக் கறுப்புத் தலை. இங்கிலாந்து ஆணுக்குத் தலையும் மஞ்சள். அத்தனையும் மஞ்சள் வாலாட்டிதான், ஒரு குடும்பத்தின் கிளைகள். இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடங்களில் தலையும் இரண்டுங்கெட்டானாக இருக்குமாம். கிழக்குக் கோடியில் இருப்பவற்றைத் தனி இனம் என்றே இப்போது பலர் பிரித்துவிட்டார்கள். அறிஞர்களுக்கே இன்னும் முழுக்கத் தீராத வழக்கு இது. அதற்குத்தான் நான் ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதினேன்.

அந்த வெள்ளைப் புருவக் கிளைக்கு பீமா என்று பெயர். 1832-இல் கர்னல் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர், தக்காணத்து பீமா நதியின் பெயரை அதற்கு வைத்தார். பிறந்த ஊர்ப் பெயர் இல்லை, குளிருக்கு ஒதுங்க வந்த ஊரின் நதிப் பெயர்! மணிமுத்தாற்றுக்காரர்களான நமக்கு அந்த யோசனை வராமல் போயிற்றே என்று எனக்கு லேசான வருத்தம்.

குளிர் காலத்தில் இவை பல இடத்திலிருந்து வந்து ஒரே புல்வெளியில் கலந்து மேயும். பெண் குருவிகளையும் இளங்குருவிகளையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆண்களும் வரும்போது மங்கலாகத்தான் இருக்கும். ஊர் திரும்புவதற்கு முன் பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும்போதுதான் தலை பளிச்சென்று தெரியவரும்.

மாசி மகம் முடிந்து, ஆற்றில் கூட்டம் கலைந்து பத்து நாள் கழித்துப் போனேன். ஆசிரியர் தம்பி பைனாகுலரைக் கொடுத்தார். பாலத்துக்குக் கீழே தேங்கிய தண்ணீரோரம் சாம்பல் தலை நாலு. கொஞ்சம் தள்ளி வெள்ளைப் புருவம் இரண்டு. ரொம்ப நேரம் கழித்து, எருமைக்குப் பின்னாலிருந்து கறுப்புத் தலை ஒன்று ஓடி வந்தது. நம் பக்கம் அது குறைவாகத்தான் வருமாம். மூன்றும் ஒன்றாகத்தான் மேய்ந்தன. அந்த அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பைனாகுலர் இல்லாமல், துணி துவைக்கப் போன இடத்தில் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

வீட்டுக்கு அழைத்துப் போய் ஷோகேஸைக் காட்டினேன். "கருந்தலை வாலாட்டி! யார் சார் செஞ்சது? பறவை தெரிஞ்ச ஆளாச்சே" என்றார் தம்பி. நான் காபி எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

நம்மூர்க் கதை உங்களுக்குத் தெரியும். சுந்தரர் பன்னீராயிரம் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். எனக்கு வெறும் பன்னிரண்டு ரூபாய், தேட எந்தக் குளமும் தெரியவில்லை. பழைய சூளைக்காரர் ஒருவர் ஜங்ஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் விசாரித்ததில், அந்த அம்மா பக்கத்துக் கிராமத்தில் மகள் வீட்டில் இருப்பது தெரிந்தது. பொம்மையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று. நடந்ததையெல்லாம் சொல்லி, "நீங்க சொன்னதுதாம்மா சரி, நான் சொன்னது தப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "குருவி ஞாபகமில்ல சார். பன்னெண்டு ரூபா ஞாபகம் இருக்கு. சின்னவளுக்கு அன்னிக்கு ஜொரம். மருந்துக்குன்னு வச்சிருந்த காசு" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. வாசலுக்கு மோர் கொண்டுவந்த மகளைப் பார்த்து, "இவதான் அந்தச் சின்னவ" என்றார். மூச்சு வந்தது.

கையோடு கொண்டுபோயிருந்த கவரை நீட்டினேன். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு பொம்மையை வாங்கி, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு சரியா வைக்கல. இன்னும் கொஞ்சம் கீழ எறக்கி வச்சிருக்கணும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களே வச்சிக்குங்கம்மா" என்றேன்.

"எனக்கெதுக்கு சார்? இங்க ஏரிக்கரைக்கே வருது" என்றார்.

அதனால்தான் அந்தக் குருவி இன்னும் எங்கள் வீட்டு ஷோகேஸிலேயே இருக்கிறது.