டவ்தே வந்த வாரம்: மும்பை ஆண்டாப் ஹில் நாட்குறிப்பு

2021 மே 13, வியாழன்

லட்சத்தீவை ஒட்டிய தென்கிழக்கு அரபிக்கடலில் இன்று ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானது. புயல் பிறக்கக் கடல்நீர் 26.5 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடாக இருக்க வேண்டும். இந்த மே மாதம் அரபிக்கடலின் மேற்பரப்பு 30 டிகிரியைத் தாண்டிக் கிடக்கிறது. சூடான நீர் ஆவியாகி மேலே போகிறது. உயரத்தில் குளிர்ந்து மேகமாகும்போது, ஆவியாகையில் வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த வெப்பத்தில் சுற்றியுள்ள காற்று இன்னும் வேகமாக மேலேற, கீழே அழுத்தம் இறங்குகிறது. இறங்கிய இடத்தை நிரப்ப நாலாபுறமிருந்தும் ஈரக்காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வந்து சேர முடியாமல் வலப்பக்கமாக விலகுகிறது. வட அரைக்கோளத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதற்கு இதுதான் காரணம். நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த விலக்கம் மிகக் குறைவு. அங்கே கடல் எவ்வளவு கொதித்தாலும் புயல் உருவாவது அபூர்வம்.

சூடு மட்டும் போதாது. கீழ்க்காற்றும் மேல்காற்றும் ஒன்றோடொன்று பெரிதாக முரண்படாமல் இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் கீழே மேற்குக் காற்றும் உயரத்தில் கிழக்குக் காற்றும் எதிரெதிரே வீசி, எழும்பும் மேகத்தூணைச் சாய்த்துவிடும். மும்பை மழையில் மிதக்கும் மாதங்களில் பெரும்புயல் வராததன் ரகசியம் இது. பருவமழைக்கு முந்தைய மே மாதமும், அது ஓய்ந்த பின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும்தான் புயல் சீசன்.

மே 14, வெள்ளி

தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமாகிவிட்டது. தமிழ்ச் சேனல்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளின் எண்கள் ஓட ஆரம்பித்தன. கடலூரிலும் நாகையிலும் சிறுபிள்ளைக்குக்கூட அந்த எண்களின் பொருள் தெரியும். ஆண்டாப் ஹில்லில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது ஊர்க்கதை. வங்கக்கடலில் ஏறக்குறைய நான்கு புயல் உருவானால் அரபிக்கடலில் ஒன்று என்பது பழைய கணக்கு. அந்த ஒன்றும் பெரும்பாலும் ஓமன் பக்கமோ குஜராத் பக்கமோ போய்விடும். மும்பையை உலுக்கிய 1948 நவம்பர்ப் புயலை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று மிகச் சிலர். 2009 நவம்பர் 11-இல் 'ஃபியான்' மும்பைக்கும் அலிபாக்குக்கும் இடையே கரையேறியது. 2017-இல் குமரி மீனவர்களைக் கடலில் சிதறடித்த ஒக்கி, டிசம்பர் தொடக்கத்தில் வலுவிழந்தபடியே மும்பைக் கரையை ஒட்டிப் போனது. பள்ளிகளுக்கு ஒருநாள் விடுமுறை, கடற்கரைகளில் மலைமலையாகக் குப்பை. போன ஆண்டு ஜூன் 3-இல் 'நிசர்கா' ராய்கட் கரையில் ஏறியது. மும்பை மயிரிழையில் தப்பியது என்றார்கள். தப்பித்துத் தப்பித்தே பழகிய நகரம் இது. அலட்சியமும் அங்கிருந்துதான் வருகிறது.

மே 15, சனி

புயலாக வலுத்து, பெயரும் கிடைத்தது: டவ்தே. மியான்மர் கொடுத்த பெயர், குரலெழுப்பும் பல்லி வகை ஒன்றைக் குறிக்கும் சொல். வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்கு 13 நாடுகள் முறைவைத்துப் பெயர் தருகின்றன.

கொரோனாவின் இரண்டாம் அலை இன்னும் ஓயவில்லை. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், முலுண்ட், தஹிசர் ஆகிய இடங்களில் கூடாரங்களாக எழுப்பப்பட்ட ஜம்போ சிகிச்சை மையங்களிலிருந்து 580 நோயாளிகளை மாநகராட்சி வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றியது. கூடாரத்தைக் காற்று தூக்கினால் ஆக்சிஜன் குழாயும் சேர்ந்து போகும் என்பதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். எச்சரிக்கை பயன்பட்ட இடம் இது.

மே 16, ஞாயிறு

மிகத் தீவிரப் புயல். குடிசைப் பகுதிகளில் இன்றைய வேலை முழுக்கக் கூரையில். மும்பைத் தமிழில் தகரம் 'பத்ரா', தார்ப்பாய் 'தாட்பத்ரி'. இரும்பு ஆங்கிளில் கொக்கி போட்டு, ரப்பர் வாஷர் வைத்து முடுக்கியிருக்கும் பத்ராவில் முதலில் தளர்வது அந்த வாஷர்தான். வெயிலில் வெடித்துப் போன வாஷரைச் சுற்றிக் காற்று புகுந்தால் தகரம் படபடக்கும். படபடத்தால் ஓட்டை பெரிதாகும். வேகமான காற்று கூரைக்கு மேலே போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கதவிடுக்கில் நுழைந்த காற்று உள்ளிருந்து முட்டுகிறது. அதனால் தகரம் கீழே அமுங்குவதில்லை, பிய்த்துக்கொண்டு மேலே பறக்கிறது. மேலே ஏற்றும் பழைய டயர், செங்கல், ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் இதற்கான எடை. ஊரடங்கில் மளிகைக்கே காலை 7 முதல் 11 மணி வரைதான் அனுமதி என்பதால், புது வாஷர் கிடைக்காத வீடுகளில் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிச் செருகியிருக்கிறார்கள்.

மே 17, திங்கள்

அதி தீவிரப் புயலாக டவ்தே மும்பைக்கு மேற்கே சுமார் 150 கி.மீ. தொலைவில் வடக்கு நோக்கிக் கடந்தது. வடக்கே நகரும் புயலின் கிழக்குப் பக்கத்தில், சுழலும் காற்றின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும். மும்பை இருந்தது அந்தப் பக்கம். கொலாபா பகுதியில் காற்று மணிக்கு 114 கி.மீ. வேகத்தைத் தொட்டது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது சுவரில் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும், 50 கி.மீ. காற்றில் ஆடாமல் நின்ற பேனர்ச் சட்டம் 100-இல் சாய்வதில் வியப்பில்லை. விமான நிலையம் காலை 11 மணி முதல் இரவு 10 மணி வரை மூடப்பட்டது. ஆண்டாப் ஹில் வழியாகப் போகும் மோனோரயில் ஓடவில்லை.

ஒர்லி, பாந்த்ரா கரைகளுக்குக் கடல் அலையாக வரும். கிழக்குப் பக்கத்து ஆண்டாப் ஹில்லுக்கு அது நாலா எனும் வடிகால் ஓடை வழியாக வரும். மராத்தியில் உப்பளத்துக்கு 'மிட்டாகர்' என்று பெயர். இங்கே உள்ள கோக்ரி ஆகர் என்ற பகுதியின் பெயரில் வாலாக இருப்பதும் அதே சொல்தான். வடாலாவின் உப்பளங்களும் மாஹுல், சிவ்ரி ஓடைகளின் அலையாத்திக் காடுகளும் இந்தப் பக்கத்தின் நீர்த்தாங்கிகள். மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காகக் கட்டப்பட்டவை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் வடிகாலின் வாயே நீருக்குள் மூழ்கிவிடும், மழைநீர் திரும்பி வரும்.

காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளுவதாலும், அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயர்வதாலும் வருவதுதான் புயல் எழுச்சி. உலகெங்கும் கரையோர மக்களை அதிகம் கொன்றது காற்றல்ல, இந்த நீர். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓதங்கள் 4.5 மீட்டரைத் தாண்டுவதுண்டு. இந்த முறை அமாவாசை 11-ஆம் தேதியே போய்விட்டது; வளர்பிறையின் பாதியில், ஓதம் அடங்கியிருந்த நாளில் புயல் கடந்தது. ஆறு நாள் முன்னால் வந்திருந்தால் கணக்கு வேறு.

இரவில் குஜராத்தின் ஊனா, டையூ பக்கம் புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 160 முதல் 170 கி.மீ.

மே 18, செவ்வாய்

இன்று காலை வரையான 24 மணி நேரத்தில் சாந்தாகுருஸில் 230 மி.மீ., கொலாபாவில் 207 மி.மீ. மழை. மே மாதத்து மும்பைக்கு இது கேட்டறியாதது.

நகரில் விழுந்த மரங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் அகலமாகக் கிளைவிட்டு ஆழமில்லாமல் வேர்விடுபவை. அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசிய நடைபாதைகளில் அந்த வேரும் பாதியாகிறது. சாய்ந்த மரத்தோடு பாவுகல் பெயர்ந்து எழுந்து நிற்கிறது. அடியில் ஒரு முழத்துக்கு மேல் மண்ணே இல்லை.

மிகப் பெரிய உயிரிழப்பு கரையில் இல்லை. பாம்பே ஹை எண்ணெய் வயல் பகுதியில் நின்றிருந்த பி-305 என்ற தங்குமிடப் படகு நங்கூரம் அறுந்து அடித்துச் செல்லப்பட்டு, நேற்று மாலை மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 261 பேர். கடற்படை தேடலில் இருக்கிறது. (முடிவில் 186 பேர் உயிரோடு மீண்டார்கள்.) எச்சரிக்கை பல நாட்களுக்கு முன்பே வந்திருந்தது, கூடாரத்து நோயாளிகளுக்குப் பயன்பட்ட அது, நடுக்கடலில் இருந்தவர்களுக்குப் பயன்படவில்லை.

மே 20, வியாழன்

கோலிவாடா எனும் மீனவக் குடியிருப்புகளில் படகு உடைந்த குடும்பங்கள் சேதக் கணக்குக்காகக் காத்திருக்கின்றன. ஜூன் முதல் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், மே மாதத்தின் கடைசி வாரங்கள்தான் நான்கு காசு சேரும் வாரங்கள். படகோடு அதுவும் போயிற்று. கொங்கணில் அல்போன்சாவும் கிர் பக்கம் கேசரும் அறுவடை நேரத்தில் உதிர்ந்துவிட்டன. மரமே சாய்ந்த தோப்பில் நட்டம் ஒரு பருவத்தோடு முடியாது. ஒட்டுமாங்கன்று காய்க்கவே சில ஆண்டுகள்.

ஜூன் 9, புதன்

பருவமழை மும்பையைத் தொட்டது. கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போல் தண்ணீர், சயான் - குர்லா இடையே தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றது. குடிசைக் கூரைகளில் மே 16-இல் ஏற்றிய டயரும் செங்கல்லும் தாட்பத்ரியின் மேல் அப்படியே இருக்கின்றன. அக்டோபர் வரை யாரும் இறக்கப் போவதில்லை.