தோளில் ஏறிய ஓடம்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. என்னுடைய ஓடம் வண்டியோடு நில்லாது ஹெலிகொப்டரிலும் ஏறிற்று. பின்னர் என் தோளிலும் ஏறிற்று. ஆகாயத்தில் ஏறியதைக் காட்டிலும் தோளில் ஏறிய கதையே சொல்லத் தக்கது.

மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறறியாத யாழ்ப்பாண மண்ணிற் பிறந்தவன் நான். தொழிலின் பொருட்டு நியூசீலந்து சென்ற பின்னர், நாற்பது வயதை அடுத்தே, கயாக் என்னும் ஒடுங்கிய ஓடத்தைச் செலுத்தப் பழகினேன். பனி சூழ்ந்த வடதுருவப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகத் தோலாற் செய்த ஓடம் அது. கவிழ்ந்தாலும் வெளியே வராது, துடுப்பை வீசி நிமிர்ந்துகொள்ளும் வித்தையும் அவர்கள் தந்ததே. இன்று தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக். வேட்டைக்குப் பதிலாக விளையாட்டு.

என் தமக்கையின் மகன் அங்கு படிக்க வந்தபோது அவனுக்கும் இதனைப் பழக்கினேன். சில ஆண்டுகளில் அவன் என்னை மிஞ்சினான். ஒரு கோடையில், அனுபவமிக்க நண்பர் மூவரோடு நாங்கள் இருவரும் கரமேயா ஆற்றுக்குப் புறப்பட்டோம்.

தென் தீவின் வடமேற்கு மூலையில், 1996இல் அமைந்த கஹுராங்கி தேசியப் பூங்காவின் மலைக்காடுகளை ஊடறுத்து டஸ்மன் கடலிற் கலக்கும் ஆறு அது. அதன் மேற்பகுதிக்கு வீதி கிடையாது. ஹெலிகொப்டர் எங்களையும் ஓடங்களையும் கற்கரையில் இறக்கிவிட்டு மலைக்கப்பால் மறைந்தது. அதன் ஓசை அடங்கியதும், ஆற்றின் இரைச்சலும் கடிக்கும் சிற்றீக்களுமே எஞ்சின. இனி வீட்டுக்கு வழி இந்த ஆறுதான் என்பதை உணர்ந்தபோது அடிவயிறு கலங்கிற்று.

இந்த ஆற்றின் சீற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1929ஆம் ஆண்டு யூன் 17ஆந் திகதி அப்பகுதியில் 7.3 அளவான பூகம்பம் நிகழ்ந்து 17 பேர் மாண்டனர். மலைகள் சரிந்து பள்ளத்தாக்குகளை மறித்தன. ஆற்றில் ஏரிகள் தோன்றின. சரிந்த பாறைகளிடையே நீர் பாயும் இடங்கள் பயங்கரப் பாய்ச்சல்களாயின. நெடுங்காலம் நீரில் உருண்ட கல் வழவழப்பாகும். இப்பாறைகளோ இன்னும் கூர் மழுங்காதவை.

இத்தகைய பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பர். 5ஆந் தரம் வல்லுநர்க்கே உரியது. இரண்டாம் நாள் அப்படியொன்றின் முன் கரையேறிப் பார்த்தோம். பாறையைத் தாண்டி விழும் நீர் பின்னோக்கிச் சுருண்டு, அகப்பட்டதை விடாது பிடித்து வைக்கும். அதனினும் கொடியது, பாறை இடுக்குகளினூடே நீர் மட்டும் புகுந்து செல்லும் இடம். சல்லடைபோல் அது நீரை விடும், மனிதனை விடாது.

நண்பருள் ஒருவர் அதனை லாவகமாகக் கடந்தார். மருமகன் என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, நீங்கள் போறியளோ?"

என்னால் இயலாதென்பது எனக்குத் தெரியும். ஆயினும், பழக்கியவன் நான். பிறர் முன்னிலையில் எப்படிப் பின்வாங்குவது? "போகலாம்" என்றது வாய். முழங்கால் வேறொன்று சொல்லிற்று.

அவன் மீண்டும் ஒருமுறை நீரை உற்றுப் பார்த்தான். "எனக்குப் பயமாயிருக்கு மாமா. நான் தூக்கிக்கொண்டு வாறன்" என்று கூறி ஓடத்தைத் தோளில் ஏற்றினான்.

நான் சொல்ல வெட்கப்பட்டதை அவன் சொல்லிவிட்டான். "எனக்குந்தான் தம்பி" என்றேன். நெஞ்சிலிருந்த பாறை ஒன்று உருண்டு போயிற்று.

20 கிலோகிராமுக்குக் குறையாத ஓடங்களைச் சுமந்து, வீடளவு பாறைகளில் ஏறி இறங்க வெகு நேரமாயிற்று. எவரும் நகைக்கவில்லை. பாய்ச்சலைக் கடந்த நண்பரே மேலேறி வந்து என் ஓடத்தின் ஒரு முனையைப் பிடித்தார்.

இளைஞர்களே, நான் அன்று வீம்புக்காக நீரில் இறங்கியிருந்தால், மருமகனும் என் பின்னால் இறங்கியிருப்பான். இதை நினைக்கும்போது இன்றும் என் உடல் நடுங்குகிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதும், அதை நாலுபேர் முன்னிலையிற் சொல்வதும் கோழைத்தனமல்ல.

வீடு திரும்பியதும் யாழ்ப்பாணத்திலிருந்து தமக்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"தம்பி, பிள்ளையைக் கவனமாய்ப் பாத்தனியோ?"

"அவன்தான் அக்கா என்னைப் பாத்தவன்" என்றேன்.