கம்பளத்தின் அடியில் இருந்த ஈரம்

வாடகை வீடு என்பது ஒருவர் வாழ்ந்து முடித்த இடத்தில் மற்றொருவர் வாழத் தொடங்குவது. சுவரில் ஆணி அடித்த துளை, சமையலறைக் கூரையில் படிந்த கரி, கதவின் பின்புறம் ஏதோவொரு குழந்தையின் உயரத்தைக் குறித்த கோடுகள் ஆகிய இவற்றையெல்லாம் கண்ணால் கண்டு, மனத்தால் ஏற்றுக்கொண்டுதான் நாம் குடிபுகுகிறோம். கண்ணுக்குப் புலப்படாமல் நமக்கு முன்பே அங்கு குடியிருப்பது ஒன்று உண்டு. அதுதான் வாடை. அதிலும் தரையோடு ஒட்டப்பட்ட கம்பளத்தில் ஊறிய வாடை எளிதில் காலி செய்துகொண்டு போவதில்லை.

மதரஸா ஆசிரியரின் வாழ்க்கை ஊர் விட்டு ஊர் மாறும் வாழ்க்கை. இருபது ஆண்டுகளில் ஆறு வாடகை வீடுகளில் வாழ்ந்திருக்கிறேன். ஆறாவது வீடு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் வாய்த்தது. அதன் உரிமையாளரான ஹாஜியார் வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர். அங்கே தாம் கண்ட வீடுகளைப் போலவே இங்கும் முன்னறையில் சுவருக்குச் சுவர் கம்பளம் பதித்திருந்தார். பார்வைக்கு அழகு, மாலையில் ஓத வரும் பிள்ளைகள் அமர்வதற்கும் இதம். நாங்கள் குடிபுகுந்தது 2022 மே மாதத்துக் கடும் வெயிலில். அப்போது எவ்வித வாடையும் இல்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில நாட்களிலேயே, நனைந்த சாக்கின் வாடையும் சிறுநீரின் நெடியும் கலந்து அந்த அறையை நிறைத்தன. எங்கள் இளைய மகளுக்கு இரவுகளில் இழுப்பு கண்டது. ஓத வந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். என் மனைவி விருந்தினரைப் பின்கட்டு வழியாக அழைத்துச் செல்லத் தொடங்கினாள். ஒரு வாடை, ஒரு குடும்பத்தின் வாசலையே மாற்றிவிட்டது!

நம் இல்லங்களில் நாற்றம் என்றவுடன் கை தானாகச் சாம்பிராணித் தட்டை நாடும். நறுமணம் விரும்பத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆனால் நறுமணம் ஏற்றுவது வேறு, நாற்றம் நீக்குவது வேறு. மேலும், மனித மூக்கு எந்த வாடைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும் இயல்புடையது. ஆகவே வீட்டின் வாடையைப் பற்றி வீட்டிலிருப்போர் சாட்சி சொல்வது செல்லாது. வெளியிலிருந்து வருபவரே நீதிபதி. காரைக்காலிலிருந்து வந்த என் மனைவியின் பெரியம்மா வாசற்படியிலேயே நின்று, "மாப்பிள்ளை, இந்த வீட்டில் அத்தரும் ஊறல் சாக்கும் ஒன்றாகவா விற்கிறீர்கள்?" என்று கேட்டார். வயது முதிர்ந்த உறவினருக்கு மட்டுமே உரிய உரிமை அது. மற்றவர்கள் மூக்கைத் துடைப்பது போல் மறைத்துக்கொண்டு, நலம் விசாரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசி ஒருவரைத் தோழர்கள் கண்டிக்க எழுந்தபோது, அவரை விட்டுவிடுமாறும் அவ்விடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அந்தத் தரை மண் தரை. மண் நீரைக் குடித்துக் கீழே அனுப்பிவிடும். கம்பளமோ குடித்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மேலே காண்பது நூல் மட்டுமே. அதன் கீழே நூலைப் பிடித்து நிறுத்தும் பசை பூசிய முதுகுத் துணி; பல வீடுகளில் அதற்கும் கீழே மெத்தென்ற நுரை அட்டை. மேலே சிந்தியது இந்த மூன்றையும் கடந்து சிமெண்டுத் தரை வரை இறங்கிவிடும். மேற்பரப்பை எத்தனை முறை துடைத்தாலும் அடித்தட்டு ஊறியே கிடக்கும். உரோமக் கம்பளம் என்றால், தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின்னும் தொட்டால் ஈரம் தெரியாது.

எனவே முதற்கடமை, வாடை பிறக்கும் இடத்தைக் காண்பது. ஓரிரவு இஷாவுக்குப் பின் சன்னல்களை அடைத்து, இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே சென்று, மண்டியிட்டு ஒவ்வோர் அடியாக முகர்ந்து, சுண்ணக்கட்டியால் குறியிட்டேன். இரண்டு இடங்கள் அகப்பட்டன. சன்னலோரத்து மூலை ஒன்று; குளியலறைச் சுவரை ஒட்டிய நீண்ட பட்டை மற்றொன்று. எங்களுக்கு முன் குடியிருந்தோர் பூனை வளர்த்தவர்கள் என்று அண்டை வீட்டார் கூறியதால் மூலையின் கதை விளங்கிற்று. சுவரோரத்தில் கம்பளத்தின் விளிம்பைத் தூக்கி, கீழே தரையைத் துடைத்துவிட்டு, ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு புறமும் ஒட்டு நாடாவால் அடைத்தேன். மறுநாள் பார்த்தபோது தாளின் அடிப்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மேலிருந்து சிந்திய ஈரமன்று, தரையிலிருந்து ஏறும் ஈரம் என்பதற்கு அதுவே சான்று. ஐந்து ரூபாய்த் தாள் சொன்ன உண்மையை ஐந்நூறு ரூபாய் அத்தர் சொல்லவில்லை.

இரண்டு நோய்களுக்கும் மருந்து வேறு. பூனை வீட்டைச் சுற்றி வரும் பிராணி. அது வாய் வைத்த நீரை அசுத்தம் எனக் கருத வேண்டாம் என்பது நபிமொழி. அந்தச் சலுகை அதன் சிறுநீருக்கு இல்லை. சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எழுவதுதான் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி. அதிலுள்ள யூரிக் அமிலமோ நீரில் எளிதில் கரையாத படிகமாகி நூலைப் பற்றிக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகும்போது மீண்டும் மணக்கும். வெயிலில் மறைந்து மழையில் திரும்பிய மாயம் இதுதான். இதற்கு, வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவம் ஏற்றது. சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கிற்றோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்குமாறு ஊற்றி, புட்டியில் குறித்த நேரம் வரை காத்திருக்க வேண்டும். பிறகு தூய நீர் ஊற்றி, தடித்த துணியால் அழுத்தி ஒற்றி எடுத்து, மின்விசிறியின் கீழ் முற்றிலும் உலர விட வேண்டும். தேய்த்தால் கறை பரவும், ஒற்றினால் வெளியேறும். நஜீஸின் பொருள் நீங்கியபின், முயன்றும் அகலாத வாடை மட்டும் எஞ்சினால் அது மன்னிக்கப்பட்டது என்பது ஃபிக்ஹு நூல்களின் முடிவு. ஆதலால் தாய்மார்கள் வீணான மனக்குழப்பத்துக்கு இடந்தர வேண்டியதில்லை.

ஆப்பச் சோடாவும் வினிகரும் எளிய வீடுகளின் நண்பர்கள். உலர்ந்த கம்பளத்தில் சோடாவை இரவில் தூவிக் காலையில் பெருக்கியோ, உறிஞ்சு கருவி கொண்டோ எடுத்தால், புளித்த வாடை குறையும். நீர் கலந்த வினிகர் அம்மோனியா நெடியைத் தணிக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும். ஆனால் ஒன்றன் ஆற்றலை மற்றது அழித்துவிடும். பிளீச்சிங் திரவத்தை மட்டும் எவரும் நாட வேண்டாம். அது உரோமத்தை அரித்துவிடும்; வினிகருடன் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயுவும், சிறுநீரின் அம்மோனியாவுடன் சேர்ந்தால் மற்றொரு நச்சுப் புகையும் எழும். அடைத்த அறையில் குழந்தைகள் இருக்கும்போது அது பேராபத்து.

மூலை குணமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். சுவரோரப் பட்டைக்கு எந்த மருந்தும் பலிக்கவில்லை. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை தோன்றத் தொடங்கும் என்பர். எங்கள் தரையோ நாள்தோறும் நனைந்துகொண்டிருந்தது. ஈரமும் பூஞ்சையும் நிறைந்த வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சிழைப்பும் ஆஸ்துமாவும் மிகுதியாவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டு நூலிலேயே எடுத்துரைத்துள்ளது. மகளின் இழுப்புக்கு மருத்துவர் கொடுத்த மருந்து ஒருபுறம். அந்த இழுப்பை வளர்க்கும் தரை மறுபுறம். இனி இது துடைப்பத்தின் வேலையன்று, நாவின் வேலை.

வாடகைக்கு இருப்போருக்கு அந்த வேலைதான் கடினமானது. முன்பணம் அவர் கையில். வீடு மாறினால் பிள்ளைகளின் பள்ளி மாறும். சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108 ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்ததும் குடியேறுபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததுமான பெருங்குறையை உரிமையாளர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. இயல்பான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பி ஒப்படைக்கக் குடியிருப்பவரும் கடமைப்பட்டவர் என்று அதே பிரிவு கூறுகிறது. ஆனால் ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்போர் முதல் பேச்சையே சட்டப் பிரிவில் தொடங்குவது அழகன்று.

ஹாஜியாரை அழைத்து வந்து, பிளாஸ்டிக் தாளை அவர் கையாலேயே தூக்கிப் பார்க்கச் செய்தேன். நீர்த்துளிகளை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஹஜ்ரத், குளியலறைக் குழாய் கசிவதாக முன்னிருந்தவர்களும் சொன்னார்கள். வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். கம்பளம் நான் அங்கிருந்து ஆசையாய்க் கொண்டுவந்தது. அதைக் கிழிக்க மனம் வரவில்லை" என்றார். அவர் குரலில் வஞ்சகம் இல்லை. அயல்நாட்டு வாழ்வின் ஒரே நினைவுப்பொருளை இழக்கும் வருத்தமே இருந்தது.

அப்போது என் நினைவில் எழுந்தது அந்தத் தானியக் குவியல். சந்தையில் ஒரு குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூற, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். நனைந்தது குற்றமன்று, நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம். நான் அதை ஹாஜியாரிடம் எடுத்துச் சொல்லவில்லை. ஹதீஸ் ஒருவரை அடிக்கும் கோலாகிவிடக் கூடாது. "ஹாஜியார், குழாயை நீங்கள் சரிசெய்யுங்கள், கம்பளத்தைப் பிரிக்கும் கூலியை நான் தருகிறேன். சன்னல் பக்கத்து நல்ல பகுதியை வெட்டி ஓரம் தைத்து உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன்" என்றேன். அவர் சற்றுநேரம் எண்ணிப் பார்த்து, "கூலி வேண்டாம் ஹஜ்ரத். தையல் மட்டும் உங்கள் பொறுப்பு" என்றார்.

குழாய் மாற்றப்பட்டது. தரை உலர மூன்று வாரங்கள் ஆயின. இப்போது அந்த அறையில் பவானி ஜமக்காளம் ஒன்றும், பிள்ளைகளுக்குக் கோரைப் பாய்களும் விரிக்கப்படுகின்றன. குளிர்நாடுகளுக்கும் குளிர்சாதன அறைகளுக்கும் பொருந்தும் ஒட்டுக் கம்பளம், மழைக்காலத்தில் காற்றே நனைந்திருக்கும் நம் கடற்கரைக்குப் பொருந்துவதில்லை. சுருட்டவும், உதறவும், வெயிலில் உலர்த்தவும் இயலும் விரிப்பே இங்கு நிலைக்கும். பவானித் தறிகளும் பத்தமடைப் பாய் முடைவோரும் இதை நமக்கு முன்பே அறிந்திருந்தனர். மகளின் இழுப்பு முற்றிலும் நின்றுவிட்டதென்று கூறமாட்டேன்; ஆனால் இரவுகளில் அவள் தொடர்ந்து உறங்குகிறாள்.

சகோதர சகோதரிகளே! வீடு பார்க்கச் செல்லும்போது விரிப்பின் ஓரத்தைச் சிறிது தூக்கிப் பாருங்கள். இயன்றால் மழை நாளொன்றில் சென்று பாருங்கள். குறைகளைக் குறித்து ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதைப் போலவே, வீட்டைக் காலி செய்யும் நாளில் பூனை நனைத்த மூலையையும், குழந்தை நனைத்த இடத்தையும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். வாடகை வீடு நம் கையில் ஓர் அமானிதம்; அடுத்து வருபவரும் மூச்சு விடத்தான் வருகிறார். நமக்குப் பின் வருவோர் முகம் சுளிக்காத இல்லங்களை விட்டுச் செல்லும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.