மூடாத கணக்கு



பயணத்துக்கு அறை பதிவு செய்யும் பொறுப்பு எங்கள் வீட்டில் என்னுடையது. கைபேசியில் விலைகளை ஒப்பிட்டு, மலிவான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்குள் சிறு பெருமிதம் எழும்.

கடந்த மே மாதம் குடும்பத்தோடு சென்னையிலிருந்து காரில் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டோம். இரவு தங்குவதற்கு மதுரையில் அறை தேடினேன். ஒரே அறைக்கு இரண்டு விலைகள் இருந்தன. தங்கும் நாளன்று மாலை 6 மணி வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்றால் 2,500 ரூபாய். ரத்து செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்காது என்றால் 1,900 ரூபாய். நான் யோசிக்கவேயில்லை. 600 ரூபாய் மிச்சம் என்று மனைவியிடம் சொல்லி மகிழ்ந்தேன்.

பிற்பகல் 3 மணிக்குத் திருச்சியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் காலமாகிவிட்டார். மறுநாள் காலை அடக்க ஆராதனை. அவருடைய மகன் அழுதுகொண்டே பேசினார்.

அந்த நொடியில் என் மனதில் முதலில் எழுந்தது அந்தத் தாயாரின் முகம் அல்ல, 1,900 ரூபாய். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். "பார்க்கிறேன், தம்பி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். என் மனைவி, "போன பணம் போகட்டும். அந்தப் பிள்ளைகள் உங்களை எதிர்பார்த்திருப்பார்கள்" என்றாள். ஏறத்தாழ 330 கிலோமீட்டர் திரும்பி வந்தோம். பணம் திரும்ப வரவில்லை. விடுதியின் மீது குற்றமில்லை. நிபந்தனையை ஏற்றுக்கொண்டவன் நான்தான்.

இன்று விற்காத அறையை விடுதிக்காரர் நாளை விற்க முடியாது. ஆகவே, வராமல் போகும் விருந்தினரால் நேரும் நஷ்டத்தை நம் தோளில் ஏற்றிவிட்டு, அதற்கு ஈடாக விலையைக் குறைக்கிறார். அது நியாயமான வியாபாரமே. ஆனால் அந்த 600 ரூபாய்க்கு நான் விற்றது என்ன? வழியில் ஒருவர் அழைத்தால் திரும்பிச் செல்லும் சுதந்தரத்தை அல்லவா?

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். அவனும் பயணத்தில் இருந்தவனே. காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அக்காலத்தில் அது இரண்டு நாள் கூலி. அதோடு நிற்கவில்லை. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். கணக்கை மூடாமல் விட்டுப் போனான். நானோ புறப்படுவதற்கு முன்பே மூடிவிட்டேன்.

சிக்கனம் தவறன்று. வரியும் கட்டணங்களும் சேர்ந்த இறுதித் தொகையைப் பார்த்து ஒப்பிடுங்கள். ரத்து செய்யும் கடைசி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு தாமதமாகச் சேர்வீர்களானால் விடுதிக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். பயணம் மாறவே மாறாது என்றால் மலிவான விலையையே எடுங்கள். ஆனால் வீட்டில் நோயாளி இருந்தால், அல்லது எந்நேரமும் அழைக்கப்படும் பணியில் நீங்கள் இருந்தால், அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்காதீர்கள். அது வீண் செலவன்று. அயலானுக்காக நீங்கள் திறந்து வைக்கும் கதவு.

அடக்க ஆராதனை முடிந்ததும் அந்த மகன் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "ஐயா, வந்துவிட்டீர்களே" என்றார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.