பத்து எம்.எம். ஜல்லி

கையுறையின் உள்ளங்கைப் பக்கம் ஒரு கல் செருகிக்கொண்டு வர மாட்டேன் என்றது. நகத்தால் நெம்பி எடுத்தேன். புளியங்கொட்டை அளவு, சாம்பல் நிறம், ஒரு முகத்தில் மட்டும் கறுப்பாகத் தார். பக்கத்தில் என் இன்டர்செப்டர் பைக் புல்லில் சாய்ந்து படுத்திருந்தது. இருநூறு கிலோவுக்கு மேல் எடை, சென்னைப் பக்கம் பிறந்த வண்டி. எஞ்சினை அணைக்க வேண்டும் என்று தோன்றவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தெற்கு ஸ்காட்லாந்தின் மலைச்சாலை ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. யார் மீதும் வழக்குப் போடும் உத்தேசம் இல்லை. ஒரு மைலுக்கு முன்னால்தான் புதிதாக ஜல்லி போட்டிருந்த பகுதி தொடங்கியிருந்தது. அதற்கான எச்சரிக்கைப் பலகை வேலியோரம் புல்லுக்குள் மல்லாந்து கிடந்ததைத் திரும்பி நடந்து போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். சிவப்பு முக்கோணத்துக்குள் ஒரு கார். அதன் சக்கரத்திலிருந்து கற்கள் தெறிக்கின்றன. படத்தில் இருப்பதும் கார்தான், பைக் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அன்று காலைதான் மொஃபட் என்ற சிற்றூரில் ஜான் லௌடன் மக்காடமின் கல்லறையைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். உலகத்துக்கு ஜல்லி ரோடு போடக் கற்றுக்கொடுத்த மனிதர். 1756-ல் ஏர் நகரில் பிறந்தவர், பதினான்கு வயதில் நியூயார்க் போய்ச் சம்பாதித்துத் திரும்பினார். ஒவ்வொரு கோடையிலும் ஸ்காட்லாந்து வந்துபோவது வழக்கம். 1836-ல் அப்படி வந்துவிட்டு இங்கிலாந்து திரும்பும் வழியில் மொஃபட்டில் இறந்தார். கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம் என்பதால் மொஃபட்டில் வார இறுதியானால் பைக்குகள் வரிசைகட்டி நிற்கும். ஊர் நடுவே காதில்லாத வெண்கலச் செம்மறிக் கிடா ஒன்று சிலையாக நிற்கிறது. அதைப் படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. மக்காடம் படுத்திருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் அன்று என்னைத் தவிர யாரும் இல்லை.

அவர் சொன்னதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. அடியில் பெரிய பாறைகளை அடுக்காதே. கல்லைச் சிறிதாக, முனை முனையாக உடை. ஆறு அவுன்சுக்கு மேல், அதாவது 170 கிராமுக்கு மேல், ஒரு கல்லும் இருக்கக் கூடாது. நடுவில் லேசாக மேடு வை, தண்ணீர் ஓடட்டும். பிறகு வண்டிகளை விட்டுவிடு. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். என் மாமா திண்டுக்கல் பக்கம் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவர் வாயில் அடிக்கடி கேட்ட சொல் ‘டபிள்யூ.பி.எம்.’ அது வாட்டர் பவுண்ட் மெக்காடம் என்பதன் சுருக்கம் என்றும், அந்த மெக்காடம் ஒரு ஆள் என்றும் எனக்குத் தெரிந்தது இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான்.

தார் சேர்ந்த மக்காடமான டார்மாக் பிறந்த கதையும் பிரிட்டனில்தான். 1901-ல் டார்பிஷயரின் டென்பியில் சாலையில் ஒரு தார்ப் பீப்பாய் விழுந்து உடைந்தது. யாரோ அதன் மேல் இரும்பு உலைக் கசடைக் கொட்டி மூடினார்கள். அந்த இடம் மட்டும் தூசியில்லாமல் கெட்டியாக இருப்பதை எட்கர் பர்னெல் ஹூலி என்ற சர்வேயர் கவனித்தார். 1902-ல் காப்புரிமை வாங்கினார். என்னைக் கீழே தள்ளிய வேலைக்கும் இதுதான் மூதாதை.

அந்த வேலைக்கு இங்கே பெயர் சர்ஃபேஸ் டிரெஸ்ஸிங். புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கும் அதே சொல்தான், பொருத்தமாகவும் இருக்கிறது. வயதான சாலையின் விரிசலுக்குள் தண்ணீர் இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து, விரிந்து, குழியாகிவிடும். அதற்கு முன்பே தார்க் குழம்பை மெல்லியதாகத் தெளித்து, மேலே ஜல்லியைத் தூவி, உருளையை ஓட்டிவிடுகிறார்கள். புதிதாகத் தார்க் கலவை போடுவதைவிடச் செலவு வெகு குறைவு. தேய்ந்து வழவழப்பான சாலைக்குப் பிடிமானமும் திரும்ப வரும். இதில் எனக்கு மறுப்பே இல்லை. குழியில் விழுவதைவிட இது மேல்.

ஆனால் உருளை வேலையை முடிப்பதில்லை. ரோட்டைத் திறந்துவிட்டு, மணிக்கு 20 மைல் என்று பலகை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மிச்ச அமுக்கலைப் போகிற வருகிற வண்டிகள் செய்யும். ஒட்டாமல் கிடக்கும் கல்லை ஓரிரு நாள் கழித்து ஒரு துடைப்ப லாரி வந்து வாரும். இருநூறு வருடத்துக்கு முன் மக்காடம் குதிரை வண்டிகளிடம் வாங்கிய வேலையை இன்று எங்களிடம் வாங்குகிறார்கள். காருக்கு இதில் நஷ்டம் மிஞ்சிப்போனால் ஒரு கண்ணாடிக் கீறல்.

பைக்குக்கு என்ன ஆகிறது என்பது வளைவில்தான் தெரியும். கார்களின் சக்கரங்கள் இரண்டு தடங்களைச் சுத்தமாக்குகின்றன. அங்கிருந்து ஒதுங்கும் கல் மூன்று இடத்தில் சேரும்: இரண்டு தடத்துக்கும் நடுவில், சாலை நடுக்கோட்டில், வெளி ஓரத்தில். இங்கும் நம் ஊர்போல இடது பக்கம்தான் ஓட்டம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நல்ல ஓட்டுநர் இடது ஓரத்தை ஒட்டியே போவார். அப்போதுதான் வளைவுக்கு அப்பால் கண் எட்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். ஜல்லி குவிந்து கிடப்பதும் அங்கேதான். என் தவறு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், பாடத்தில் படித்தபடி ஓட்டினேன். முப்பது மைல் வேகம்கூட இருக்காது. முன்சக்கரம் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தது. தரையில் கொட்டிய கேழ்வரகின் மேல் கால் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. சாய்ந்த நிலையில் முன் பிரேக்கைத் தொடாதே என்று அறிவு சொன்னது. விரல் கேட்கவில்லை.

வண்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தவர் எழுபதை நெருங்கிய உள்ளூர்க்காரர். பழைய டிரையம்ஃபில் வந்தவர், தன் வண்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இங்கே கோடை வந்தால் ரெண்டு பேர் வருவீங்க. நீங்களும் ஜல்லியும்.” கேலி இல்லை, கணக்கு. தார் ஒட்ட வெயில் வேண்டும்; அதனால் இந்த வேலை கோடையில்தான் நடக்கும். பைக்குகள் வெளியே வருவதும் அந்தச் சில மாதங்கள்தான். “ஜல்லி போடட்டும், வாரிட்டுத் திறக்கட்டும். பலகையை வளைவுக்கு முன்னால வைக்கட்டும். அதுவும் நிக்கிற மாதிரி வைக்கட்டும்” என்றார். வேறு புகார் எதுவும் அவரிடம் இல்லை. யோசித்தால் எனக்கும் இல்லை.

வளைந்துபோன பிரேக் லீவரோடு ஏ708-இல் செல்கர்க்கை நோக்கிக் கிளம்பினேன். மொஃபட்டிலிருந்து அங்கே போகும் இந்தச் சாலைக்காகவே பலர் வருகிறார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் புல் மலைகள், மரமே இல்லாமல். இடப்பக்கம் மலையின் நெற்றியிலிருந்து கிரே மேர்ஸ் டெய்ல் அருவி விழுகிறது. அறுபது மீட்டர், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு நரைமுடிக் கற்றை. பிறகு செயின்ட் மேரிஸ் ஏரி, தகடுபோல. நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. கண் முழுக்கத் தரையில். சாலையின் நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும், அது மேக நிழலாக இருந்தாலும், வண்டியை நேராக நிமிர்த்தி வேகத்தைக் குறைத்தேன். காரின் சுத்தமான தடத்துக்குள்ளேயே, முன்னால் போகும் வண்டியிலிருந்து கல் தெறிக்காத தூரத்தில், ஒரு கட்டை வண்டிபோல ஓட்டிப் போனேன். ஆடுகள் சாவகாசமாகப் பார்த்தன.

இரவு விடுதியிலிருந்து மாமாவை அழைத்தேன். அங்கே நடுநிசி தாண்டியிருக்கும். அவர் தூங்குகிற ஆள் இல்லை.

“ஜல்லியில சறுக்கிட்டேன் மாமா.”

“கல்லு என்ன சைஸு?”

சட்டைப் பையில்தான் இருந்தது. விடுதி மேசையில் ஒரு ஸ்கேலைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தேன். “பத்து எம்.எம். இருக்கும்.”

“தார் எத்தனை மொகத்துல இருக்கு மாப்ள?”

“ஒண்ணுலதான்.”

“தூசிக் கல்லா?”

விரலால் தேய்த்தேன். “இல்ல, சுத்தமாத்தான் இருக்கு.”

“அப்ப தார் பட்டிருக்கு, இறுகல. போட்ட ராத்திரியே மழை பேஞ்சிருக்கும். நான்லாம் வானத்தைப் பாக்காம தார் டின்னைத் தொறக்க விட்டதே இல்ல. அந்த ஊர்ல மழை பேயுமா?”

“இங்க அது மட்டும்தான் மாமா பேயும்.”

அவர் அடுத்த கேள்விக்குத் தொண்டையைச் செருமினார். பின்னால் இருந்து அத்தையின் தூக்கக் கலக்கமான குரல்: “மொதல்ல புள்ளைக்கு அடி பட்டுச்சான்னு கேளுங்க.”